செம்பில் ஒரு கீறல்

என் அம்மாவின் தோள்பையில் எப்போதும் ஓர் ஆணி இருக்கும். குழந்தைகளை எடைபோடும் தொங்குதராசு, இரும்புச்சத்து மாத்திரைகள், பஞ்சு, கத்தரிக்கோல், நீளமான பதிவேடுகள், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள், ஒரு லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் புட்டி, இவற்றுக்கு நடுவில் பழைய செய்தித்தாளில் சுற்றிய இரண்டங்குல ஆணி. அரசாங்கம் கொடுத்த சாமான் பட்டியலில் அது கிடையாது. அம்மா தானாகச் சேர்த்துக்கொண்டது.

அவர் கிராம சுகாதார செவிலியர். மானாமதுரைக்கும் இளையான்குடிக்கும் இடையே, சீமைக்கருவேலங்காட்டுக்குள் சிதறிக் கிடந்த சில ஊர்கள் அவர் பொறுப்பு. எண்பதுகளின் நடுப்பகுதி அது; ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து சிவகங்கை தனி மாவட்டமான சமயம். பள்ளி விடுமுறை நாட்களில் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போவேன். குடிக்க ஊருணித் தண்ணீர்தான். கோடையில் ஊருணி வற்றி அடியில் கலங்கல் மட்டும் நிற்கும்போதும், முதல் மழையில் தெருவின் அழுக்கெல்லாம் அதில் வந்து சேரும்போதும், வீட்டுக்கு ஒரு பிள்ளைக்காவது வயிற்றால் போகும்.

அதற்கு அம்மா கொடுத்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில், பொடியை ஒரு லிட்டர் நீரில் கரைக்கச் சொல்லி அச்சிட்டிருந்தது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு நெல்லுக்குப் படி தெரியும், பாலுக்கு உழக்கு தெரியும். தண்ணீரைக் குடத்தால் அல்லாமல் வேறெதாலும் அவர்கள் கணக்குப் பார்த்ததில்லை. ஒரு லிட்டர் என்று வாயால் சொல்லிப் பயனில்லை என்பது வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாத்திரத்தைக் கேட்டு வாங்குவார். தன் புட்டித் தண்ணீரை அதில் ஊற்றி, நீர் நிற்கும் மட்டத்தில் உட்புறமாக ஆணியால் ஒரு கோடு கிழிப்பார். சீராக வந்த பித்தளைச் செம்பைக் கீறவிட யாருக்கும் மனம் வராது. அடுப்படியில் ஒதுக்கிப் போட்ட ஈயச் சட்டியோ நசுங்கிய தூக்குவாளியோதான் வரும். எங்கள் வீட்டில் மட்டும் ஒரு செம்பு.

"இந்தக் கோடு வரைக்கும் தண்ணி. பாக்கெட்ட முழுசாக் கொட்டணும். பாதியப் பிரிச்சு மறுநாளைக்கு வைக்கக் கூடாது. கரைச்சத ஒரு நாளைக்கு மேல வச்சுக்கிறக் கூடாது."

அந்த அளவில் அம்மா காட்டிய பிடிவாதத்தின் காரணம் பின்னால் நான் படித்துத் தெரிந்துகொண்டது. ஒரு லிட்டருக்கான பொடியை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் குழந்தையின் இரத்தத்தில் உப்பு ஏறும். மூளை பாதிக்கப்பட்டு வலிப்பு வரலாம். தண்ணீர் கூடிப்போனால் கொடுத்தும் கொடுக்காதது போலத்தான். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலான எல்லையாக அந்த ஆணிக்கோடு ஒவ்வொரு அடுப்படியிலும் இருந்தது.

ஆனால் கோடு கிழிப்பது எளிதான பாதி. கடினமான பாதி வேறு. வயிற்றால் போகும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. "ஊத்த ஊத்தப் போகும்" என்பார்கள். தாய்ப்பாலையும் நிறுத்துவார்கள். கஞ்சியையும் நிறுத்துவார்கள். வாய் வறண்டால் ஈரத்துணியை உதட்டில் ஒற்றுவார்கள், அவ்வளவுதான்.

இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். எனக்கு ஒப்புவதில்லை. அது கண்ணால் கண்டதிலிருந்து எடுத்த முடிவு. தவித்த பிள்ளை ஒரே மூச்சில் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடிக்கிறது, சற்றுநேரத்தில் பீய்ச்சியடிக்கிறது. கொடுத்ததுதான் வெளியே வருகிறது என்று எந்தத் தாயும் நினைப்பாள். தண்ணீரை நிறுத்தினால் போக்கு குறைவது போலவும் தெரியும், உடம்பில் வெளியேற ஒன்றும் மிஞ்சாததால். கண்ணுக்குத் தெரிவது பேதி. பிள்ளையைக் கொல்வது உடம்பின் நீர் வற்றுவது. அது கண்ணுக்குத் தெரியாது. யாராவது சொல்லித் தந்தால்தான் தெரியும்.

அம்மா சொல்லித் தந்த விதம் இப்படி இருக்கும்: "வெறுந்தண்ணி குடுத்தா குடல் அத உள்ள வாங்காது, உண்மைதான். நீங்க பாத்தது சரிதான். உப்ப மட்டும் போட்டாலும் வாங்காது. கூடச் சர்க்கரை போனா, சர்க்கரை உப்பக் கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போகும். உப்பு போற எடத்துக்குத் தண்ணி தானாப் பின்னால போகும்." நீங்கள் பார்த்தது சரிதான் என்று அவர் தொடங்குவதை அந்த வயதில் நான் கவனித்ததுண்டு, ஏன் அப்படித் தொடங்குகிறார் என்று புரிந்ததில்லை.

புரிந்தது என் அப்பத்தாவால்.

ஊரிலேயே அம்மாவின் பேச்சுக்கு மிகக் கடுமையாக எதிர்நின்றது அப்பத்தாதான். மருமகள் ஊருக்கெல்லாம் நர்ஸாக இருக்கலாம், வீட்டில் அவர் சொல்வது செல்லாது. எனக்கும் என் தம்பிக்கும் வயிற்றுக்குச் சரியில்லாமல் போகும்போதெல்லாம், அம்மா கரைத்து வைத்ததை அப்பத்தா அம்மா போனதும் கொல்லையில் ஊற்றிவிடுவார். கோபக்காரி இல்லை. பேரப்பிள்ளைகள் என்றால் உயிர். பிறகு ஏன் இந்த ஒன்றில் மட்டும் இப்படி என்று அம்மாவே அப்பாவிடம் கேட்டிருக்கிறார்.

ஒரு தை மாதம் மிளகாய் பழம் பறித்துக் காயவைத்த நாட்களில், கொல்லைப்புறத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் சாக்கைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். எந்தப் பேச்சிலிருந்து அது வந்தது என்று நினைவில்லை. அப்பத்தா தலை நிமிராமலே சொன்னார்.

"எம் மூத்தவ தண்ணி தண்ணின்னு கேட்டா. கேட்டுக்கிட்டே கெடந்தா. குடுத்தா செத்துப்போவான்னு எல்லாரும் சொன்னாக. நானும் குடுக்கல. தண்ணி கேட்டுக்கிட்டேதான் போனா. இப்ப நீ வந்து குடுக்கணும்ங்குற. அப்ப நாந்தான் கொன்னுட்டேனா?"

அப்பாவுக்கு ஓர் அக்கா இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும்.

அம்மா கிள்ளுவதை நிறுத்திவிட்டார். கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "அன்னைக்கு டாக்டர்மாருக்கே தெரியாது அயித்த. ஆஸ்பத்திரில சேத்திருந்தாலும் வயித்தக் காயப்போடணும்னுதான் சொல்லிருப்பாக. யாருக்கும் தெரியாத ஒண்ணு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஆறுதலுக்காகச் சொன்ன பொய்யாக அது எனக்கு அப்போது பட்டது. பொய்யே இல்லை. வயிற்றுக்கு ஓய்வு கொடுப்பது, உணவை நிறுத்துவது என்பதெல்லாம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் மருத்துவமனைகளிலேயே இருந்த முறைதான். சர்க்கரையும் உப்பும் குடல் சுவருக்குள் ஒன்றாக நுழைகின்றன என்று ராபர்ட் கிரேன் எடுத்துச் சொன்னது 1960-இல். காலராவால் குடல் நீராகக் கொட்டிக்கொண்டிருக்கும்போதும் அந்த ஒரு வழி மட்டும் அடைபடுவதில்லை. டாக்காவில் டேவிட் நளினும் ரிச்சர்ட் கேஷும் காலரா நோயாளிகளுக்கு வாய்வழியாகவே கரைசலைக் கொடுத்துக் காப்பாற்ற முடியும் என்று காட்டியது 1968-இல். என் அத்தை இறந்ததோ அதற்கெல்லாம் முன்னால், வெள்ளைக்காரன் காலத்தில்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு அப்பத்தா கொல்லையில் எதையும் ஊற்றவில்லை. எங்கள் வீட்டுச் செம்பில் அதுவரை கோடு கிழிக்க விட்டதில்லை; அன்று தானே எடுத்துவந்து கொடுத்தார். இளம் வயதில் அவருக்குச் சீராக வந்த செம்பு அது.

இத்தனை ஆண்டுகள் கழித்தும் நான் யாருக்காவது ஒரு நோயைப் பற்றிச் சொல்ல நேரும்போதெல்லாம் அந்தக் கொல்லைப்புறம் என் முன்னால் வந்து நிற்கும். தெரியாதவர்களுக்குத் தெரியவைப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். எதிரில் இருப்பவருக்கு அது பல சமயம் குற்றப்பத்திரிகையாகக் கேட்கிறது. இப்படிச் செய்தால் பிழைக்கும் என்று சொல்லும்போதே, நீ அன்று செய்ததால்தான் செத்தது என்றும் சொல்லிவிடுகிறோம். அதை ஏற்க முடியாதவர்கள் சொன்னதையே மறுத்துவிடுகிறார்கள். பிடிவாதம் என்று நாம் பேர் வைக்கும் பலவற்றுக்கும் அடியில் இப்படி ஒரு பிள்ளை இருக்கக் கூடும்.

அம்மா இதை யாரிடமும் படித்ததில்லை. ஆனால் எங்கள் ஊரில் தொக்கம் எடுக்கிற ஒரு பாட்டியிடம் அவர் நடந்துகொண்ட விதத்திலும் இதே தெளிவு இருந்தது. பிள்ளைக்கு வாந்தி பேதி என்றால் முதலில் அந்தப் பாட்டியிடம்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். உண்டது குடலில் ஒட்டிக்கொண்டது என்று வயிற்றை நீவி, வாயால் ஊதி, எதையோ எடுத்துக் காட்டுவார். சுகாதார நிலையத்துக் கூட்டங்களில் இப்படிப்பட்டவர்களை ஒழிக்க வேண்டும் என்று பேசுவார்கள். அம்மா அவர் திண்ணையில் போய் உட்கார்ந்தார். "நீங்க எடுக்குறத எடுங்க. நான் ஒண்ணும் சொல்லல. எடுத்து முடிச்சதும் தண்ணி குடுக்கச் சொல்லுங்க. புள்ள கண்ணு உள்ள போயிருந்தா, சோந்து சோந்து விழுந்தா, மலத்துல ரத்தம் இருந்தா, ஒங்ககிட்ட வச்சிருக்காம எனக்கு ஆளனுப்புங்க." அந்தப் பாட்டி வீட்டுச் சட்டியிலும் ஒரு கோடு விழுந்தது. அம்மா ஒரு நாளில் சொல்லிவிட முடியாத எத்தனையோ வீடுகளுக்கு அந்தப் பாட்டியின் வாய் வழியாகவே செய்தி போனது.

ஒரு ஐப்பசி இரவு. அம்மா வேறொரு ஊருக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தார். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் ஒன்றரை வயதுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு மழையில் வந்து நின்றாள். மதியத்திலிருந்து போகிறது, வாந்தியும் இருக்கிறது. நர்ஸம்மா இல்லை என்றதும் அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

அப்பத்தா விளக்கைத் தூண்டிவிட்டுப் பையனை மடியில் வாங்கினார். முதலில் கேட்டது, எப்போது கடைசியாக ஒன்றுக்குப் போனான் என்று. அழும்போது கண்ணீர் வருகிறதா என்று பார்த்தார். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் லேசாகக் கிள்ளிவிட்டார். அது படிய நேரம் எடுத்தது. வாய்க்குள் விரல் விட்டு ஈரம் பார்த்தார். இதெல்லாம் அம்மா செய்து நான் பார்த்தவைதான். அப்பத்தாவும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது.

"ஏத்தா, செம்ப எடு. கோட்டுக்கு ஊத்து."

காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றினேன். பாக்கெட்டைக் கொட்டிக் கலக்கி, முதலில் தன் நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். பிறகு கரண்டி. டம்ளரில் கொடுத்தால் வாந்தி வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு கரண்டி, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. ஒருமுறை எல்லாவற்றையும் கக்கிவிட்டான். தாய் பதறினாள். "விடு. கொஞ்ச நேரம் சும்மா விட்டு மறுபடி குடுப்போம்." வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து முன்னைவிட மெதுவாகக் கொடுக்க வேண்டும் என்பது இன்றைக்கும் மருத்துவர்கள் சொல்வதுதான். நடுவில் அவளைப் பால் கொடுக்கவும் சொன்னார். வாயில் ஈரத்துணி ஒற்றிய அதே கை இரவு முழுக்கக் கரண்டி பிடித்திருந்தது.

விடியப் போகும் நேரத்தில் நிலைமை மாறியது. அதுவரை கரண்டியைக் கண்டதும் ஆவலாக வாயைத் திறந்தவன் திறக்கவில்லை. தட்டினால் கண்ணைத் திறந்தான், மறுபடி சொருகிக்கொண்டான். அப்பத்தா இன்னொரு முறை தோலைக் கிள்ளினார். மடிப்பு அப்படியே நின்றது.

"இனிமே இது நம்ம கையில இல்ல."

கரி ஏற்றிக்கொண்டு மானாமதுரைக்குப் போகும் லாரி அந்த நேரத்தில் ஊர் எல்லையில் நிற்கும். என் அப்பாவை எழுப்பி ஓடச் சொன்னார். லாரியில் ஏறும் அந்தப் பெண்ணிடம் செம்பையும் கரண்டியையும் கொடுத்தனுப்பினார். "முழிச்சுக் கேட்டான்னா கரண்டில குடு. முழிக்கலேன்னா வாயில ஊத்திறாத, புரையேறிரும்." அரசு மருத்துவமனையில் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பையன் பிழைத்துக்கொண்டான். இப்போது திருப்பூரில் இருக்கிறான், அவனுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அந்த இரவில் அப்பத்தாவுக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்திருந்தன. எப்படிக் கொடுப்பது என்பது ஒன்று. எப்போது தன்னால் முடியாது என்பது மற்றொன்று. கொடுத்த கையை நிறுத்தி, லாரியைப் பிடி என்று சொல்ல இரண்டாவது அறிவு வேண்டும். இன்று கைபேசியில் முதல் வகை அறிவு கொட்டிக் கிடக்கிறது: இந்தக் கஷாயம், அந்தச் சாறு, இதைத் தடவு, அதைக் குடி. எந்த அறிகுறி வந்தால் அதையெல்லாம் விட்டுவிட்டு எழுந்து ஓட வேண்டும் என்று சொல்வது மிகக் குறைவு. டெங்கு காய்ச்சலிலும் இதே கதைதான். காய்ச்சல் விட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டில் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், ஒரேயடியான சோர்வு இவற்றில் ஒன்று வந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது நிலவேம்புக் குடிநீரைப் பற்றித் தெரிந்திருக்கிற அளவுக்குத் தெரிந்திருந்தால் எத்தனை உயிர்கள் மிஞ்சும்.

பெரியவளான பிறகுதான் திலீப் மஹலனாபிஸ் பற்றிப் படித்தேன். 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லையோரம் பன்காவ் முகாமில் அகதிகளிடையே காலரா. மருத்துவமனையில் தரை முழுக்க நோயாளிகள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது, ஏற்றத் தெரிந்த ஆட்களும் போதவில்லை. அவர் உப்பையும் குளுக்கோசையும் சமையல் சோடாவையும் அளந்து கலந்து பொட்டலமாக்கி, பீப்பாய்களில் கரைத்து, நோயாளியின் உறவினர் கையிலேயே குவளையைக் கொடுத்துவிட்டார். நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அவர் பொறுப்பிலிருந்த நோயாளிகளிடையே இறப்பு 3.6 சதவீதமானது. தாயும் தமக்கையும் மருத்துவம் செய்வதா என்று அப்போது மருத்துவ உலகம் அதை எளிதில் நம்பவில்லை. 1978-இல் லான்செட் இதழ் இந்தக் கண்டுபிடிப்பை நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக் கூடும் என்று எழுதியது. அவருக்குப் பத்ம விபூஷண் கிடைத்தது 2023-இல், இறந்த மறு ஆண்டு.

அதைவிட என்னை அசைத்தது வங்கதேசத்தில் பிராக் அமைப்பு செய்தது. 1980-இல் தொடங்கிப் பத்தாண்டுகளில் 1.2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அதன் பெண் ஊழியர்கள் நடந்து போனார்கள். பாக்கெட் இல்லை, மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். தாயையே கலக்கச் செய்து கற்றுத் தந்தார்கள். சில வாரம் கழித்து வேறொருவர் அதே வீட்டுக்குப் போய், தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, சரியாகக் கலக்கிறாளா என்று பார்ப்பார். அதை வைத்துத்தான் கற்றுத் தந்தவருக்குச் சம்பளம். எத்தனை வீட்டில் பேசினேன் என்பதற்குக் காசில்லை. எத்தனை வீட்டில் நின்றது என்பதற்குத்தான். நம் ஊரில் சுகாதார விழிப்புணர்வு என்று எவ்வளவு துண்டறிக்கை அச்சிடுகிறோம், எத்தனை பேரணி நடத்துகிறோம் என்று கணக்குக் காட்டுகிறவர்கள் இந்த ஒரு விதியை எடுத்துக்கொள்ளலாம். அம்மாவும் ஒரு வீட்டுக்கு மறுமுறை போகும்போது சொன்னதைத் திரும்பச் சொல்ல மாட்டார். "எனக்கே வயித்தால போகுதுன்னு வச்சுக்க. எப்படிக் குடுப்ப, சொல்லு" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

பாக்கெட் தீர்ந்துபோன மாதங்களுக்கு வீட்டிலேயே கலக்கும் அளவும் சொல்லித் தந்தார். தொடக்கத்தில் ஒரு லிட்டருக்கு எட்டுத் தேக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி உப்பு. பிறகு பயிற்சிக்குப் போய்வந்து மாற்றினார்: தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் வரும் கெடுதலைக் குறைக்க வந்த திருத்தம் அது. பழைய வீடுகளுக்கெல்லாம் திரும்பவும் நடந்து, முன்பு சொன்ன அளவு இனி வேண்டாம், இதுதான் என்று சொல்லிவந்தார். 2002-இல் உலக சுகாதார நிறுவனம் பாக்கெட்டின் சேர்மானத்தையே மாற்றி உப்பையும் குளுக்கோசையும் குறைத்தபோது அம்மா ஓய்வுபெறும் வயதை நெருங்கியிருந்தார். பின்னர் துத்தநாக மாத்திரையும் சேர்ந்துகொண்டது: பிள்ளைகளுக்குப் பேதி நின்றபின்னும் நிறுத்தாமல் 14 நாள். நின்றுவிட்டதே, எதற்கு என்று எல்லாத் தாய்மாரும் கேட்பார்கள். அடுத்த சில மாதங்களில் மறுபடி வருவதைக் குறைக்கும் என்பார். மாறிக்கொண்டேயிருக்கிற அறிவை மாறுகிறது என்று சொல்லியே கொடுத்தார். அதனால் அவர் மேல் யாருக்கும் நம்பிக்கை குறைந்து நான் பார்த்ததில்லை.

நாங்கள் உண்டு வந்த உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியை அம்மா ஒருபோதும் தடுத்ததில்லை. மோர், இளநீர், பருப்புத் தண்ணீர் எல்லாம் சரிதான் என்பார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் உடனிருந்தவர்களும், சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மாவுச்சத்தைக் கரைசலோடு சேர்த்தால் காலரா நோயாளிகளின் பேதி குறைகிறது என்று 2000-இல் வெளியிட்டபோது அம்மாவுக்கு அந்தச் செய்தியைப் படித்துக் காட்டினேன். நம் கஞ்சியும் மாவுச்சத்துதானே என்று மகிழ்ந்துபோனார்.

இப்போது நான் சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். இங்கே யாரும் தண்ணீரை நிறுத்துவதில்லை. பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்றால் மருந்துக்கடைக்கு ஓடி அட்டைப்பெட்டியில் அடைத்த பழச்சுவைப் பானத்தை வாங்கி வருவார்கள். அண்மைக்காலம்வரை பெட்டியின் மேல் பெரிதாக ஓ.ஆர்.எஸ். என்றே இருந்தது. உள்ளே சர்க்கரை பன்மடங்கு, உப்பு பேருக்கு. சர்க்கரை மிகுந்தால் அது நீரைக் குடலுக்குள் இழுத்து பேதியைக் கூட்டும். படித்த பெற்றோர், அக்கறையோடு, காசு கொடுத்து, நோயைக் கூட்டும் ஒன்றை வாங்கிப் புகட்டிக்கொண்டிருந்தார்கள். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் விடாமல் போராடியதன் பலனாக, உலக சுகாதார நிறுவனத்தின் சேர்மானத்துக்கு ஒவ்வாத எந்தப் பானத்திலும் அந்தப் பெயர் இருக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. அவர் அழுதுகொண்டே அந்தச் செய்தியைச் சொன்ன காணொளியைப் பார்த்து நானும் அழுதேன். அறியாமையை வெல்ல ஒரு தலைமுறை நடந்து தீர்த்த பாதையில், அறிந்ததாக நினைக்கவைக்கும் ஒரு சொல் வந்து குந்திக்கொண்டால் என்ன ஆகும்? எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஓ.ஆர்.எஸ். என்ற மூன்றெழுத்தின் மேல் இருந்த நம்பிக்கை அம்மாவைப் போன்றவர்களின் நடையால் சேர்ந்தது. அதை யாரும் பெட்டியில் ஒட்டி விற்க உரிமையில்லை.

எங்கள் குடியிருப்பில் ஒரு பெண்ணுக்கு இதை நான் சொல்ல நேர்ந்தது. அவள் பிள்ளைக்கு அந்தப் பானத்தையே இரண்டு நாள் கொடுத்து, பிறகு மருத்துவமனையில் சேர்த்துத் திரும்பியிருந்தாள். "பேரப் பாத்துத்தானே வாங்கினீங்க, அதுல என்ன தப்பு" என்றுதான் பேச்சை எடுத்தேன். அதன் பிறகுதான் அவளால் கேட்க முடிந்தது.

போன மாதம் என் தம்பி மகள் கோயம்புத்தூரிலிருந்து இரவில் கூப்பிட்டாள். அவளுடைய இரண்டரை வயது மகனுக்கு மாலையிலிருந்து வயிற்றால் போகிறது.

"அத்தை, பாக்கெட் வாங்கியாச்சு. ஒரு டம்ளர்ல போடவா?"

"பாக்கெட்டுல எத்தனை மில்லின்னு போட்டிருக்கு, படி."

இப்போது 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் கடையில் கிடைக்கிறது, ஒரு லிட்டருக்கான பெரியதும் கிடைக்கிறது. நிறைய வீடுகளில் தவறுவது இங்கேதான். அவள் விளக்கைப் போட்டுப் படித்தாள். ஒரு லிட்டர். அளவுக்கோடு போட்ட தண்ணீர்ப் புட்டி இருக்கிறதா என்றேன். இருந்தது. ஒவ்வொரு முறை போனபின்னும் அரை டம்ளரிலிருந்து ஒரு டம்ளர்வரை, கரண்டியில், மெதுவாக என்றேன். பேதியை நிறுத்துகிற மாத்திரை வீட்டில் இருக்கிறது, கால் பங்கு கொடுக்கலாமா என்று கேட்டாள். பெரியவர்களுக்கான அந்த மாத்திரையைப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது என்றேன்.

பிறகு நான் கேட்பதற்கு முன் அவளே வரிசையாகச் சொல்லத் தொடங்கினாள். ஒன்றுக்கு ஒன்பது மணிக்குப் போனான். ரத்தம் இல்லை. காய்ச்சல் இல்லை. அழுதால் கண்ணீர் வருகிறது. கரண்டியைக் கண்டால் வாயைத் திறக்கிறான். பாட்டி சொன்ன மாதிரி கிள்ளிப் பார்த்தேன், உடனே படிந்துவிட்டது. வாயைத் திறக்காமல் சொருகினாலோ ராத்திரிக்குள் ஒன்றுக்குப் போகாவிட்டாலோ விடியும்வரை காத்திருக்க மாட்டேன், கீழ்வீட்டு அண்ணனிடம் காரை எடுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன் என்றாள்.